இரண்டு முறை தட்டினால்

இந்த அறையின் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்கிறது, மேடம். உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். எனக்கு இதே வழக்கம், எந்த அறைக்குள் போனாலும் முதலில் என் காதுதான் வேலையை ஆரம்பிக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் எழுத்தர் போனில் தன் மனைவியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்ததுகூடக் கேட்டது. அது நமக்கு எதற்கு.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அந்த வழிகாட்டியை இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாக விடுதியில் பேசிக்கொண்டார்கள். அவர் எச்சரிக்கவே இல்லை, அதனால்தான் என் அக்கா காட்டில் தவறான இடத்தில் காலை வைத்து விழுந்து உயிரை விட்டாள் என்று எழுதப்போகிறீர்களாம். அப்படி எழுதாதீர்கள். அவர் குரல் கொடுத்தார். நன்றாக, உரக்க, தெளிவாகக் கொடுத்தார். அக்காவின் மகளோ, அம்மா காதில் வைத்த மிஷின்தான் காலை வாரிவிட்டது, நான்தானே வைக்கச் சொன்னேன் என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுகிறாள். மிஷினிலும் ஒரு குறையும் இல்லை. ஆக, வழிகாட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள், மிஷினைப் பற்றிப் பேசுகிறார்கள், மழையைப் பற்றிக்கூடப் பேசுகிறார்கள். நான் அங்கேதான் இருந்தேன் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

ஒருத்திக்கு மட்டும் நினைவிருந்தது. எங்களோடு வந்த அந்தப் புது மணப்பெண். அவள் சொன்னதை அன்றைக்கே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'பாவம், அவங்க தங்கச்சி கடைசி வரைக்கும் முதுகுல தட்டிக் கொடுத்துக்கிட்டே வந்தாங்க.' அதில் பாவம் என்ற வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

அதைத்தான் சொல்ல வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

அக்காவுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு காது சுத்தமாகக் கேட்காது. மற்றதில் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி ஏதோ ஒரு இரைச்சல், அவ்வளவுதான். நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பெரிய சாலை உண்டு. லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தொண்டை கிழியக் கத்தினாலும் அவள் பாட்டுக்கு நடப்பாள். ஒருநாள் அம்மா என் கையைப் பிடித்து அக்காவின் முதுகில் வைத்தாள்.

"ஒரு தட்டு தட்டினா நிக்கணும். ரெண்டு தட்டு தட்டினா போகலாம். நீதான்டி இனிமே அவளுக்குக் காது."

எனக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. அந்த வயதில் ஒரு குழந்தையிடம் இப்படிச் சொன்னால் அது அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு அந்தக் கையை நான் எடுக்கவே இல்லை என்று சொன்னால் தப்பில்லை. கோபத்தில் அவளோடு பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் சாலைக்கு வந்தால் என் கை அவள் முதுகுக்குப் போய்விடும். வாயால் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன், முகத்தாலும் சொல்லியிருக்கிறேன். முதுகில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவளும் ஏன், எதற்கு என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்துக் கேட்டதில்லை.

அக்கா தையல் கற்றுக்கொண்டாள். கை அப்படியொரு கை. கல்யாணப் பெண்கள் மாதக்கணக்கில் காத்திருந்து அவளிடம்தான் தைத்துக்கொள்வார்கள். கடையில் வெட்டு மேசைக்குப் பின்னால் அவள், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் நான். உதட்டைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்வாள். ஆனால் அவள் தலை எப்போதும் துணியின் மேல்தான் குனிந்திருக்கும். யார் வந்து என்ன சொன்னாலும் என் வழியாகத்தான் அவளுக்குப் போக வேண்டும். கழுத்து இறக்கம், கை நீளம், எந்தத் தேதிக்கு வேண்டும், எல்லாமே.

வருகிற வார்த்தையையெல்லாம் அப்படியே அவள் மடியில் கொட்ட முடியுமா, சொல்லுங்கள். நான் பொறுக்கித்தான் கொடுப்பேன். "செவிட்டுப் பொம்பளைகிட்ட அளவு குடுத்தா உருப்படியா வருமா?" என்று ஒருத்தி கேட்டால், "இடுப்புல கொஞ்சம் தளர்வா வேணுமாம்" என்று சொல்வேன். அவள் மனம் நோகக் கூடாது பாருங்கள். "இந்த மாதிரி எனக்கு யாருமே தைச்சதில்ல, அந்தக் கையில முத்தம் குடுக்கணும்" என்று வேறொருத்தி கண் கலங்கி நின்றபோது, "அடுத்த வாரம் இன்னொண்ணு வேணுமாம்" என்றேன். புகழ்ச்சி தலைக்கு ஏறினால் வேலை கெட்டுவிடும். இதெல்லாம் அவள் நன்மைக்குத்தான்.

அத்தான் விஷயத்திலும் அப்படித்தான். நல்ல மனிதர். ஆனால் மீசைக்குள்ளேயே பேசுவார், உதடு அசைவதே தெரியாது. கல்யாணமான புதிதில் என்னிடம் வந்து நிற்பார். "இந்த நீலக் கலர் அவளுக்கு எடுப்பா இருக்குன்னு சொல்லேன்" என்பார். நான் போய், "நேரமாச்சாம், கிளம்பச் சொல்றாரு" என்பேன். சின்ன விஷயம்தான். அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை, குழந்தை பிறந்தது, குடும்பம் நடந்தது. அந்தக் குழந்தை முதன்முதலில் அம்மா என்று சொன்னபோது அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள், குழந்தை என் இடுப்பில் இருந்தது. அந்த வார்த்தையைக் கொஞ்ச நாள் நானே வைத்துக்கொண்டேன். பிறகு கொடுத்துவிட்டேன்.

எனக்கும் ஒரு வரன் வந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர், அமைதியான ஆள். அக்காவுக்காக நான் வேண்டாம் என்று சொன்னதாக உறவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. இங்கே உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன், அக்கா என்னைப் போகத்தான் சொன்னாள். "நீ போடி, நான் எப்படியோ சமாளிச்சுக்கிறேன்" என்று என் முகவாயைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவளால் எப்படிச் சமாளிக்க முடியும்? சொல்லத்தானே செய்வாள். அவள் சொல்வதைக் கேட்டு நான் போயிருந்தால் நாளைக்கே ஏதாவது வண்டிக்கு அடியில் கிடந்திருப்பாள்.

சரி, மிஷினுக்கு வருகிறேன். அக்கா மகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், பிடிவாதக்காரி. இந்தக் காலத்தில் தலைக்குள்ளே ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று என்று வைத்தால் கேட்குமாம். அக்கா பயந்தாள். "நீ என்னடி சொல்றே?" என்று என்னைத்தான் கேட்டாள். அவள் பயந்ததில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. ஆனால் மகள் விடவில்லை. அறுவை சிகிச்சை ஆயிற்று. முதலில் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்று அழுதாள். அப்போது நான்தான் ஆறுதல் சொன்னேன், "விட்டுடுக்கா, நான் இருக்கேன்ல" என்று. விடவில்லை. சாயங்காலமானால் தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மகள் வாயை மறைத்துக்கொண்டு சொல்வாள், தாய் திருப்பிச் சொல்வாள். பல், பால், கல், கால். பள்ளிக்கூடம் தோற்றது. நான் வெளியே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வருஷம் ஆனதும், ஒருநாள் கடையில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஏதோ கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள். வெட்டுகிற துணியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதம் போனையும் அக்காவே எடுக்க ஆரம்பித்தாள். அதற்கடுத்து என் நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டினார்கள்.

"இப்பதான் சித்தி கடை பெருசா தெரியுது" என்றாள் அக்கா மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், தப்பாக எதுவும் நினைத்திருக்க மாட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

இந்தப் பயணமும் அவள் ஏற்பாடுதான். "அம்மாவுக்கு மழைக்காட்டுச் சத்தம் கேக்கணும், சித்தி. சின்ன வயசுக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு பூச்சி கத்தி ஒழுங்கா கேட்டிருப்பாங்களா? நீங்களும் கூடப் போங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்." ரெஸ்ட். அவளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அத்தானுக்கு முழங்கால் வலி, விடுதி வராந்தாவோடு சரி. ஆக, அன்று காலையில் காட்டுக்குள் நடக்கப் போனது நாங்கள் இருவர், அந்தப் புதுத் தம்பதி, வழியில் முளைத்த காளானையெல்லாம் படுத்துக்கிடந்து படம் எடுத்த கேமராக்காரர் ஒருவர், அப்புறம் வழிகாட்டி.

வழிகாட்டி நல்ல பொறுப்பானவர். அதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன் எல்லோருக்கும் அட்டைக்கடி படாமலிருக்க முழங்கால் வரை துணி உறை மாட்டிவிட்டார். பிறகு கையிலிருந்த கழியால் பாதையோரப் பெரணிச் செடிகளை விலக்கிக் காட்டினார். மேலே பார்த்தால் பச்சைப் பசேலென்று தரை மாதிரி. கழியை உள்ளே விட்டால் அது போய்க்கொண்டே இருக்கிறது.

"பாத்தீங்களா? இந்தப் பச்சைக்குக் கீழ தரை கிடையாது. பாதையை விட்டு ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. நான் நில்லுங்கன்னா அந்த இடத்துலயே நிக்கணும். ஏன்னு அப்புறமா கேக்கலாம்."

புது மாப்பிள்ளை, "வீட்லயும் எனக்கு இதே ரூல்தாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போதே சிரித்தாள், மேடம். இத்தனை வருஷமும் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் சொல்லித்தான் அவள் சிரிப்பாள்.

அவள் முன்னால், நான் பின்னால். பழக்க தோஷத்தில் என் கை அவள் முதுகில். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் புதுப்பெண் பார்த்தது இதைத்தான். மரங்கள் வானத்தை மூடிக்கொண்டு நின்றன. மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று, "அது என்ன? இது என்ன?" என்று கேட்பாள். என்னிடம் இல்லை. வழிகாட்டியிடம். அவரும் சலிக்காமல் சொல்வார், தவளை, சிள்வண்டு, மூங்கில் உரசுகிற சத்தம் என்று. ஒன்று மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. ஒரே பக்கத்து மிஷின் என்பதால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. தண்ணீர் இரைகிற இடத்தில் பேச்சும் கொஞ்சம் குழம்பும். அப்போதெல்லாம் லேசாகத் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். நான் கையைக் காட்டுவேன். அந்த அளவுக்காவது என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு இடத்தில் வழிகாட்டி விரலை உயர்த்தினார்.

"சத்தம் போடாதீங்க. மேல ஒரு குருவி. ஊசி மாதிரி சன்னமா விசில் அடிக்கும். கேக்குதா?"

புதுப்பெண் தலையாட்டினாள். அவள் புருஷன் தலையாட்டினான். கேமராக்காரர் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இலை சொட்டுவது கேட்டது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. குருவி கேட்கவில்லை. வயதானால் சன்னமான சத்தம்தான் முதலில் போகுமாம். அக்கா மகள் எப்போதோ அப்படிச் சொன்னது நினைவு வந்தது.

அப்போது என் முதுகில் ஒரு தட்டு விழுந்தது. அக்கா.

"நில்லுடி, அசையாதே. அங்க, அந்தக் கிளையில. எவ்வளவு அழகா இருக்கு. உனக்குக் கேக்கலையா?" என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பரவால்ல, நான் சொல்றேன்" என்றாள். சொன்னாள். விசில் மேலே போகிறது, கொஞ்சம் நிற்கிறது, இப்போது கீழே வருகிறது என்று என் காதோரம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லோரும் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். அந்தப் புதுப்பெண்ணுக்குக் கண்கூட நிறைந்துவிட்டது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மதியம் ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் பழமும் சாப்பிட்டோம். அக்கா என் தட்டில் பழத்தை உரித்து வைத்தாள்.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நானும் அவரும் பேசி வச்சிருக்கோம். கடைக்கு ஒரு பொண்ணு வருது. உனக்குப் பூங்கா பக்கத்துல ஒரு தனி வீடு பாத்திருக்கோம், ஜன்னல் தோட்டம் பாத்து இருக்கு. எங்களுக்கு உழைச்சது போதும்டி. இனிமேலாவது உனக்காக இரு."

நான் பழத்தைச் சாப்பிட்டேன்.

"அவர் எவ்வளவு பேசறார் தெரியுமா? மீசைக்குள்ள பேசினாக்கூட இப்பல்லாம் கேக்குது. கலர் நல்லாயிருக்கு, தலை வாரினது நல்லாயிருக்குன்னு நாள் முழுக்கச் சொல்றார். ஆரம்பத்துலேர்ந்தே சொல்லுவாராம். எனக்குத்தான் எதுவும் தெரியல. நீ ஒண்ணும் சொன்னதில்லையே?"

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, மேடம். கண்ணில் துளி சந்தேகம் இல்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டாள். "மறந்திருப்பேன்க்கா" என்றேன். "பாவம், உனக்கு எவ்வளவு வேலை" என்றாள். இப்போது தெரிகிறதா, பாவம் என்ற வார்த்தை எனக்கு ஏன் ஆகாது என்று.

தனி வீடு என்றாளே, நானும் நினைத்துப் பார்த்தேன். காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்கலாம். பிறகு? எனக்குச் சமைக்கத் தெரியும், பட்டன் தைக்கத் தெரியும், அக்காவின் முதுகில் கை வைக்கத் தெரியும். வேறெதுவும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷம் கழித்து, நீ போகலாம் என்கிறாள். அதுவும் பழம் உரித்துக் கொடுத்துச் சொல்கிறாள்.

திரும்பி வருகிற வழியில்தான் அந்த விழுந்த மரம். நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். முந்தைய நாள் மழையில் விழுந்து பாதையை மறித்துக்கொண்டிருந்தது. பாதை அந்த இடத்தில் உள்பக்கமாக, மேட்டின் மேல் ஏறி மரத்தைச் சுற்றிப் போகிறது. நேராகப் பார்த்தால் பெரணிப் பச்சை, விரித்த ஜமுக்காளம் மாதிரி. அதுதான் வழி என்று யாருக்கும் தோன்றும். கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது. வழிகாட்டியும் அந்தத் தம்பதியும் மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கேமராக்காரர் பின்னால் எங்கோ காளானோடு. மரத்தடியில் நாங்கள் இருவர்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து வழிகாட்டியின் குரல் வந்தது. "அம்மா, மரத்துகிட்டயே நில்லுங்க. நேரா வராதீங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவர் சொன்னதை முழுதாக நான் ஒப்படைப்பது இதுதான் முதல் தடவை.

அவள் விழுந்த பிறகு வழிகாட்டி ஓடிவந்து, "நான் சொன்னேனேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டபோது, "அவளுக்குக் கேட்டிருக்காது" என்று சொன்னது நான்தான். மிஷின் கதை அங்கேயிருந்துதான் கிளம்பியது. உங்களிடமும் முதல் நாள் அதையேதான் சொன்னேன். கேட்காதவளிடம் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான், சொல்லாமல் விடுவது எனக்குப் புதிதா என்ன என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு இரண்டு நாள் இருந்தேன். அது சரியாக வரவில்லை. அக்கா மகள் மிஷினைத் திட்டி அழும்போது சரியாக வரவில்லை.

அவளுக்குக் கேட்டது, மேடம்.

குரல் வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். நானாக எதுவும் செய்வதற்கு முன்பே நின்றுவிட்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "நில்லுங்கன்னு சொன்னாரோ?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓடைச் சத்தத்தில் தன் காதின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. லேசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நிக்கணுமா, போகணுமாடி?"

நான் அவள் முதுகில் இரண்டு முறை தட்டினேன்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னால் திரும்பி, நேராக, அந்தப் பச்சையின் மேல் காலை எடுத்து வைத்தாள். அவளைத் தள்ளினாயா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அந்தத் தட்டலில் ஒரு பலமும் இல்லை, தூங்கும் குழந்தையைத் தட்டுவது மாதிரிதான் தட்டினேன். அந்தப் புதுப்பெண் மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுகூட அது தட்டிக் கொடுப்பதாகத்தானே அவளுக்குப் பட்டிருக்கிறது.

வழிகாட்டியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அக்கா மகளிடம் மிஷினில் பழுதில்லை என்று சொல்லுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஆஸ்பத்திரி, மிஷின், ஒரு வருஷப் பயிற்சி, எல்லாம் இருந்தும் கடைசி நிமிஷத்தில் அவள் என்னைத்தான் கேட்டாள். பார்த்தீர்களா, நான் இல்லாமல் அவளால் முடியவே முடியாது.